பள்ளி விடுமுறையும் நம் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பும்

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. தமிழ்நாட்டில் சித்திரை வெயில் ஏறும்போது பள்ளிக்கூடங்களைப் பூட்டுவார்கள். அது கோடை விடுமுறை. இங்கே நம் பிள்ளைகளின் பெரிய விடுமுறை நெடுங்காலமாக மழைக்காலத்தில்தான் வந்திருக்கிறது. நவம்பர் நடுவில் பள்ளி மூடினால் மறுபடி மணி அடிக்க ஜனவரி ஆகிவிடும். பெருந்தொற்றுக்குப் பிறகு சில ஆண்டுகள் கல்வியாண்டு மார்ச்சு வரை தள்ளிப்போனது. 2026 முதல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே ஆண்டுக் கடைசியில் வரும் அந்த நீண்ட விடுமுறையும் நம் வீடுகளுக்குத் திரும்பிவிட்டது.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குப் பிள்ளைகளின் விடுமுறைக்கால வாசிப்பைப் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். இதில் வரலாறு என்று சொல்ல என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். பிறகு நம் வீட்டுப் பிள்ளைகளின் ஒரு நாளைக் கணக்குப் பார்த்தேன். காலையில் தேசியப் பள்ளி; அங்கே மலாய், ஆங்கிலம். மாலையில் சமயப் பள்ளி; அங்கே ஜாவி, அரபு. இரவில் வீட்டுப்பாடம். வார இறுதியில் டியூஷன். தமிழ் நுழைவதற்கு இடுக்கு இல்லை. பேச்சில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்குப் போகாத நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் எழுத்தைச் சந்திப்பதென்றால் அது விடுமுறையில்தான் முடியும். முந்தைய தலைமுறைகளில் அப்படிச் சந்திக்க வைத்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மலாக்காவில் தொடங்கிய பாடம்

முன்ஷி அப்துல்லாவை நாம் மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவருடைய வழி நாகூரைத் தொட்டு வந்தது. யமனிலிருந்து வந்த அவர் முன்னோர் ஒருவர் நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்துகொண்டவர். மலாக்காவில் பிறந்த அப்துல்லாவை அவருடைய தகப்பனார் சிறு வயதில் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டு தமிழ் படித்ததாக அவரே தம் வரலாற்று நூலான ஹிக்காயத் அப்துல்லாவில் சொல்கிறார். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது பழைய வழக்கம் என்றும், கணக்கு வழக்குகளுக்கு அது வேண்டியிருந்தது என்றும் காரணமும் சொல்கிறார்.

இதை நான் இங்கே சொல்வது பெருமை பேச அன்று. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாக்காவில் ஒரு முஸ்லிம் தகப்பனார், மகனுக்குக் குர்ஆன் ஓதலும் மலாயும் வீட்டிலேயே கிடைக்கின்றன, தமிழ் மட்டும் தானாகக் கிடைக்காது என்று கணக்குப் போட்டு, அதற்கென்று தனியாக ஒரு வாத்தியாரிடம் அனுப்பியிருக்கிறார். இன்று நாம் எந்த இடத்தில் நிற்கிறோமோ அதே இடத்தில்தான் அவரும் நின்றார்.

நம் பாட்டிமார்களின் கதை வேறு. தமிழ் எழுத்து தெரியாத எத்தனையோ பெண்கள் தமிழை வாசித்தார்கள், அரபு எழுத்தில். அர்வி என்றும் அரபுத் தமிழ் என்றும் சொல்லப்படும் அந்த எழுத்தில் மார்க்கச் சட்டங்களும் நபிமார் வரலாறும் பாடல்களும் சென்னையிலும் பம்பாயிலும் கொழும்பிலும் கல்லச்சில் அச்சாகிக் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்ணுக்கு எழுத்து முன்பே தெரியும். தமிழ் ஒலிகளுக்கென்று சேர்த்திருந்த சில புள்ளி எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மலாய்க்காரர்கள் ஜாவியில் செய்ததும் இதுவேதான். தெரிந்த எழுத்தின் வழியாகத் தெரிந்த பேச்சைப் படிக்கக் கொடுத்த அந்த யோசனையை இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் மறுபடி தொட வேண்டியிருக்கும்.

தோட்டத்துப் பிள்ளையும் பாரிஸ் நகர வாசகரும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு வருவோம். 1905இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவுக்கு வந்து இந்த வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அவர் வழியாகவே நடந்தது. (பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. நம் வயதினர் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) இந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவல் 1930இல் பிரான்சின் பெரும் பரிசான கொங்கூர் பரிசைப் பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

நம் வட்டாரத்து லயத்துக் கதையைப் பாரிஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில் லயத்துப் பிள்ளையின் கையில் என்ன புத்தகம் இருந்தது? 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் பின்வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தன. சட்டம் பள்ளி என்று சொன்னதே ஒழிய எப்படிப்பட்ட பள்ளி என்று வற்புறுத்தவில்லை. பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஓரத்திலோ காலியான லயத்து அறையிலோ ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார். சில இடங்களில் கங்காணியே வாத்தியார். பாடப் புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. பாடப் புத்தகத்துக்கு வெளியே படிக்க எதுவும் இல்லை. நூலகம் என்ற சொல்லே அங்கே பழக்கமில்லை.

விடுமுறை வந்தால் பிள்ளைகள் மரக்காட்டுக்குப் போனார்கள். தாய் மரம் வெட்டப் பிள்ளை ஒட்டுப்பால் உரிக்கும், கோப்பை துடைக்கும். செம்பனை வந்த பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. பெரிய விடுமுறை மழைக்காலத்தில் வந்ததால் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே வீட்டில் அடைந்து கிடந்த நாட்கள் ஏராளம். வாசிக்க நேரம் இருந்தது. வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை.

கடையில் மடித்த பொட்டலம்

நம் சமுதாயத்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்குக் கடைக்காரர்களாக வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசி, கூத்தாநல்லூர், கீழக்கரை என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, துணிக் கடை என்றுதான் கால் ஊன்றினார்கள். அந்தக் கடைகளே தோட்டத்தின் முதல் வாசகசாலையாக இருந்தன என்று நான் நினைக்கிறேன். இதை எந்த அறிக்கையிலும் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

என் அத்தா ஒரு தோட்டத்துக் கடையில் கணக்கெழுதினார். பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வரும். மாலையில் பால் நிறுத்துவிட்டு வருகிறவர்கள் கடைத் திண்ணையில் உட்கார, எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்பார்கள். இரண்டு நாள் கழித்து அதே பத்திரிகை கிழிபட்டுச் சீனிக்கும் மல்லிக்கும் பொட்டலமாகிவிடும். விடுமுறையில் பொட்டலம் மடிப்பது எங்கள் வேலை. மடிப்பதற்கு முன்னால் படித்துவிடுவேன். தொடர்கதையின் ஒரு பாதி என் கையில் இருக்கும். மறுபாதியில் யார் வீட்டுக்கோ பருப்பு போயிருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் சில கதைகளின் முடிவு எனக்குத் தெரியாது.

அந்தப் பத்திரிகைகள் வெறும் செய்தித்தாள்களாக இல்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 1950, 1951ஆம் ஆண்டுகளில் ஞாயிறுதோறும் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சிறுகதை எழுதுவதற்குப் பாடம் சொல்லி, வந்த பயிற்சிகளைத் திருத்தினார்கள். சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு 1950களின் தொடக்கத்தில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் தொடங்கியது. பிள்ளைகள் உறுப்பினராகச் சேரலாம், எழுதி அனுப்பலாம். மலாயாவின் மூலை முடுக்குத் தோட்டங்களிலிருந்து கடிதங்கள் போயின. பிற்காலத்தில் மலேசிய, சிங்கைத் தமிழ் எழுத்தாளர்களாகப் பெயர் பெற்ற பலர் அந்தப் பகுதியில்தான் தங்கள் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தார்கள். அந்தப் பெயரைச் சூடிய இளைஞர் மன்றங்களும் நாடெங்கும் கிளைத்தன.

இதை நான் விடுமுறை வாசிப்புத் திட்டம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒரு பெயர் அதற்கு இருந்ததில்லை. ஆனால் வேண்டிய எல்லாம் அதில் இருந்தது. வாசிக்கப் பொருள் பிள்ளை இருக்கும் இடத்துக்கே வந்தது. ஏற்கெனவே வேறு காரணத்துக்காக வரும் பஸ்ஸில் வந்தது. பிள்ளை எழுதினால் பதில் சொல்ல ஒரு பெரியவர் மறுமுனையில் இருந்தார். என் அண்ணன் ஒரு விடுமுறை முழுவதும் முத்திரை வாங்கக் காசு சேர்த்து மூன்று கடிதம் எழுதினார். ஒன்றும் வெளிவரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை முதலில் யார் பிரிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை நின்றபாடில்லை.

நம் சமுதாயத்தின் பத்திரிகைத் தொடர்பு இன்னும் பழையது. சி.கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 1887 முதல் ‘சிங்கை நேசன்’ நடத்தினார். தமிழ்நாட்டில் பா. தாவூத்ஷா நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ கடல் கடந்து நம் கடைகளுக்கு வந்தது. பிறகு ‘பிறை’, ‘மணிவிளக்கு’, ‘முஸ்லிம் முரசு’ வந்தன. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் நூல்கள் பல வீடுகளில் குர்ஆன் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. பிள்ளைகளுக்கு அம்புலிமாமா 1947 முதல் கிடைத்தது. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. 1984இல் ராணி காமிக்ஸ். இவற்றைப் பெரியவர்கள் விரும்பவில்லை. ஓதுகிற வயதில் கதைப் புத்தகமா என்று பிடுங்கி வைத்த வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். மாயாவி படித்தவர்களில் யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் இன்று தமிழில் தடையின்றிப் படிக்கிற நம் வயதுக்காரர்களை விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் காமிக்ஸ் பேரைச் சொல்வார்கள்.

மன்னார்குடி மாட்டு வண்டி

நம் முன்னோர் பலர் கப்பலேறிய தஞ்சை மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, புழங்குவதற்கே என்பது அவற்றில் முதல் விதியின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் அலமாரி அடித்துப் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். குறித்த நாளில் வண்டி குறித்த ஊருக்கு வரும். படித்ததைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் சுமார்தான். வண்டி மன்னார்குடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் கடை வைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போன வண்டியில் ஒரு பெட்டிப் புத்தகமும் ஏற்றியிருந்தால் என்று எனக்குப் பல தடவை தோன்றியதுண்டு. அந்தக் காலத்துக் கஷ்டத்தில் அதைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கடையைத் திறந்து வைத்திருப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

விடுமுறைக்கென்றே வாசிப்புத் திட்டம் போடும் வழக்கம் அமெரிக்கப் பொது நூலகங்களில் 1890களில் பிறந்தது. கிளீவ்லாண்ட் நகர நூலகம் 1897இல் பிள்ளைகளுக்கென்று ஒரு கழகம் தொடங்கியது. சேருகிற பிள்ளை புத்தகத்தைக் கைகழுவித் தொடுவேன், கிழிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளுச் செய்து குர்ஆனைத் தொடப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் உண்மையில் பலன் உண்டா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. பார்பரா ஹேன்ஸ் என்ற சமூகவியலாளர் அட்லாண்டா நகரப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஓரளவு சேர்ந்தே முன்னேறுகிறார்கள், விடுமுறையில்தான் இடைவெளி விரிகிறது என்று கண்டார். விடுமுறையில் ஆறு புத்தகமாவது படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். வீட்டுக்கும் நூலகத்துக்கும் உள்ள தூரம் கூடக்கூடப் படிக்கும் புத்தகம் குறைந்தது. ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விடுமுறைக்கும் 12 புத்தகம் வீதம் மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். பாடம் நடத்தவில்லை. புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் புத்தகம் பெறாதவர்களைவிடக் கூடியது. 1999இல் பிரிட்டனில் தொடங்கி இன்றும் நடக்கும் கோடை வாசிப்புச் சவாலிலும் ஆறு புத்தகம்தான் அளவு. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில் தொண்டூழியர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறார்கள்.

ஆறு புத்தகம் பெரிய கணக்கில்லை. ஆறு வாரம் விடுமுறை என்றால் வாரத்துக்கு ஒன்று. அந்தத் தூரக் கணக்குத்தான் நமக்கு இடிக்கிறது.

தோட்டம் கலைந்த பிறகு

1957இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் தாமான்களில் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்தார்கள். கடைத் திண்ணை போயிற்று. பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக நின்றன. தமிழ் நேசன் 2019 ஜனவரி 31 இதழோடு நின்றபோது நான் அந்தக் கடைசி இதழை வாங்கி வைத்தேன். அதைப் படித்துப் பார்க்க வீட்டில் என்னையும் என் மனைவியையும் தவிர ஆள் இல்லை.

நம் சமுதாயத்துக்கு இன்னொரு திருப்பமும் சேர்ந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிப் பள்ளிகளாக மாறின. மார்க்கக் கல்வி அங்கேயே கிடைக்கிறது, இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டாம் என்று நம்மில் பலர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளியில் சேர்த்தோம். நானும் சேர்த்தேன். அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் மலாயில் நன்றாகப் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். வாப்பாவும் அத்தாவும் எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாத பிள்ளைகளாகவும் ஆனார்கள். அப்போது விடுமுறைக்கென்று ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கலாம். நாங்கள் செய்யவில்லை. அரசாங்கத்தையோ பள்ளியையோ இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஆறு வாரம் எங்கள் கையில்தான் இருந்தது.

பள்ளிகளில் வாசிப்பை வளர்க்க 1990களின் கடைசியிலிருந்து ‘நிலாம்’ திட்டம் நடக்கிறது. படித்த புத்தகத்தைப் பிள்ளை பதிந்து வைக்க வேண்டும். இப்போது அதை இணையத்திலேயே பதிகிறார்கள். தமிழ்ப் புத்தகம் படித்தாலும் பதியலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. எண்ணிக்கைக்காகப் பின்னட்டையைப் பார்த்து எழுதிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்தத் திட்டத்திலும் அது நடக்கும். 2020ஆம் ஆண்டுக்குக் கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ அறிவித்தது. பெருந்தொற்றில் அது பாதி அமுங்கிப்போனாலும், வாசிப்பு என்ற பேச்சு நாட்டில் எழுந்த நேரம் அது. ஊருக்கு ஊர் பொது நூலகமும் இருக்கத்தான் செய்கிறது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பொது நூலகத்துக்குப் போனேன். குளிர்சாதனம், நல்ல நாற்காலி, கணினி எல்லாம் இருந்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்கான நூல்கள் ஒரே தட்டில் அடங்கின. அவற்றிலும் பாதி பரீட்சைப் பயிற்சிப் புத்தகம். பேத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, “பாட்டனார், இதுல கதை எங்க?” என்று கேட்டாள்.

அலமாரிச் சாவி

சாவி கிடைக்காத புத்தக அலமாரியைச் சங்கக் கட்டடங்களில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். மறைந்த பெரியவர்களின் வீட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த நூல்கள், ஊரிலிருந்து வந்த மலர்கள், பழைய மாத இதழ்க் கட்டுகள். கறையான் வருமோ என்று பயந்து பூட்டுவோம், பிறகு மறந்துவிடுவோம். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு சாவியை வைத்திருந்தவன்தான். எத்தனை பிள்ளைகள் கேட்டு வந்தார்கள் என்று கேட்டால், ஒருவரும் இல்லை. கேட்டு வரட்டும் என்று காத்திருந்ததுதான் தவறு. மேலவாசல் வண்டி கேட்காத ஊருக்கும் போயிற்று.

இனி செய்யக் கூடியதைப் பற்றி என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொள்வது நிர்வாகத்தினர் விருப்பம். நூலகம் கட்ட வேண்டாம், அதற்கு நிதி திரட்டவும் வேண்டாம். நல்ல பிளாஸ்டிக் பெட்டிகள் சில. பெட்டிக்கு இருபது, முப்பது புத்தகம். ஒரு தாமானில் ஒரு வீட்டுக்காரர் விடுமுறை முழுக்கப் பெட்டியை வீட்டு முகப்பில் திறந்து வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பெட்டிகளை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை எடுத்ததைப் பிள்ளையே எடுக்கட்டும். காமிக்ஸ் எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். தொலைந்தால் தொலையட்டும், ஒரு பிள்ளையிடம் தொலைந்த புத்தகம் கறையானிடம் தொலைந்ததைவிட மேல்.

தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கேதான் பாட்டிமார்களின் அர்வி எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு எழுத்து புதிதாக இருந்தது, மொழி புதிதில்லை. நம் பிள்ளைகளுக்கும் வீட்டுத் தமிழ் காதில் இருக்கிறது. முதல் விடுமுறையில் பிள்ளை கேட்கட்டும். நன்னியோ பெரியம்மாவோ படிக்கட்டும். படங்கள் நிறைய உள்ள புத்தகமாக இருக்கட்டும். ஒரே புத்தகத்தைப் பத்து நாள் படித்தாலும் சரி. ரோமன் எழுத்தில் தமிழை எழுதிக் கொடுக்கலாமே என்று இளைய உறுப்பினர் சிலர் சொல்கிறார்கள். அர்வியை ஏற்றுக்கொண்ட சமுதாயம் இதை ஒரேயடியாக மறுக்க முடியாது. ஆனால் அர்வியில் படிக்க ஒரு நூலகமே இருந்தது. ரோமன் தமிழில் கைப்பேசிச் செய்திகளைத் தவிரப் படிக்க ஒன்றும் இல்லை. அதனால் எழுத்தைச் சற்றுத் தாமதமாகவாவது தமிழிலேயே தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வது எல்லோருக்கும் தெரியும். 1967, 1968ஆம் ஆண்டுகளில் நோன்பு டிசம்பரில், பெரிய விடுமுறைக்குள் வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் பின்கட்டில் கஞ்சி கொதிக்கும். பாத்திரத்தோடு வந்த பிள்ளைகள் காத்திருக்க, எங்கள் உஸ்தாது தம் ஜுப்பாப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து நபிமார் கதை ஒன்றைத் தமிழில் படிப்பார். ஒவ்வொரு நாளும் கஞ்சி இறங்கும் நேரத்தில் நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுவார். மறுநாள் பாத்திரம் தேவையில்லாத பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். 1999 முதல் 2001 வரை அந்தக் காலம் மறுபடி வந்தது. அப்போது பிள்ளைகள் காத்திருந்த நேரத்தில் நாங்கள் பெரியவர்கள் கஞ்சி விநியோகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து 2031, 2032, 2033ஆம் ஆண்டுகளில் நோன்பு மறுபடி நவம்பர், டிசம்பருக்கு வருகிறது. பள்ளி நாட்காட்டி இன்னொரு முறை மாறாவிட்டால் விடுமுறையும் அதே மாதங்களில் இருக்கும். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் வீட்டில் ஐந்து வயதில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது பத்து வயது நடக்கும்.